மெத்தனாலில் காணாமல் போன ஒளி

சுஹாஸ் இறந்த பிறகு ஐரினிடம் யாரும் துக்கம் விசாரிக்கவில்லை. அதில் யார்மேலும் குறை சொல்ல முடியாது. அவள் அவனுக்கு மனைவியில்லை, தங்கையில்லை, காதலியுமில்லை. பெங்களூரின் வடக்குப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் அடுத்தடுத்த அறைகளில் ஆறு வருஷம் வேலை பார்த்தவர்கள், அவ்வளவுதான். அவன் கணக்குப் போடுகிறவன், அவள் அளந்து பார்க்கிறவள். கணக்கும் அளவும் ஒத்துப்போகாத நாட்களில் சண்டை போடுவார்கள். ஒத்துப்போன நாட்கள் குறைவு.

மழைக்காலத்தில் அவனுக்கு டெங்கு வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், ஞாயிற்றுக்கிழமை போய்விட்டான். மின்மயானத்தில் எல்லோரும் அவன் மனைவி நிருபமாவைச் சூழ்ந்து நின்றார்கள். அவன் அம்மா ஜெயலக்ஷ்மியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் சுந்தரேசனிடம்கூட நாலைந்து பேர் வந்து, "உங்க ஸ்டூடன்ட் இல்லையா சார்" என்று வருத்தப்பட்டார்கள். ஐரினிடம் யாரோ தண்ணீர் பாட்டில்கள் இருந்த அட்டைப்பெட்டியைக் கொடுத்து, வந்தவர்களுக்கு எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தாள். பெட்டி காலியானதும் ஆட்டோ பிடித்து ஒக்கலிபுரத்தில் தன் ஒற்றை அறைக்கு வந்துவிட்டாள்.

கோலார் தங்கவயலில் இருந்த அம்மா மௌரீனிடம் போனில் சொன்னாள். "கூட வேலை செஞ்ச புள்ளையா? அய்யோ பாவமே. அவன் பொண்டாட்டி இன்னா பண்ணுது இப்போ?" என்று அம்மா கேட்டாள். ஐரின் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அம்மா ஜெபம் செய்வதாகச் சொல்லிவிட்டு, கிறிஸ்துமஸுக்கு எப்போது லீவு போடுவாள் என்று விசாரித்தாள்.

ஐரினும் சுஹாஸும் சேர்ந்து பார்த்த வேலை நேரியலற்ற ஒளியியல் என்ற பெரிய பேர்கொண்டது. சில சாய மூலக்கூறுகள் உண்டு. ஒரு முனை எலக்ட்ரானைத் தள்ளும், மறுமுனை இழுக்கும். அவற்றின்மேல் மிக வலுவான லேசரைப் பாய்ச்சினால், போன ஒளியில் துளியூண்டு இரட்டிப்பு அதிர்வெண்ணோடு வெளியே வரும். எவ்வளவு வரும் என்பது மூலக்கூறை மட்டும் பொறுத்ததில்லை. அது எந்தத் திரவத்தில் கரைந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. அதே சாயம் குளோரோஃபார்மில் ஒரு மாதிரி நடந்துகொள்ளும், தண்ணீரில் வேறு மாதிரி.

அவர்களுடைய சண்டையெல்லாம் இந்தத் திரவத்தைப் பற்றித்தான். சுஹாஸ் தன் கணக்கில் கரைப்பானை மேடுபள்ளம் இல்லாத ஒரே சீரான ஊடகமாக எடுத்துக்கொள்வான். அப்படிச் செய்தால் கணக்குச் சீக்கிரம் முடியும், பெரும்பாலும் சரியாகவும் வரும். கேன்டீனில் இட்லியைச் சாம்பாரில் முக்கி, "இதான் என் மாடல். இட்லிக்குச் சாம்பார் தெரிஞ்சாப் போதும். அதுல எத்தனை பருப்பு இருக்குன்னு கவலையில்லை" என்பான்.

"பருப்பு வந்து இட்லில ஒட்டிக்கிட்டா?" என்பாள் ஐரின்.

"ஒட்டாது."

"ஒட்டும்டா. ஹைட்ரஜன் பிணைப்புன்னு ஒண்ணு இருக்கு, பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கல?"

அங்கிருந்து தொடங்கினால் இட்லி ஆறிப்போகும். அவன் குரல் உயர்ந்துகொண்டே போய்க் கடைசியில் கேன்டீன்காரர் எட்டிப் பார்ப்பார். மறுநாள் காலை அவள் அறைக் கதவை அவன்தான் முதலில் தட்டுவான். "நேத்து ராத்திரி யோசிச்சேன். நீ சொன்னதுல பாதி தப்பு" என்பான். மீதிப் பாதியை ஒத்துக்கொண்டான் என்று அதற்கு அர்த்தம்.

போவதற்கு முன்னால் அவன் ஒரு புதிய சாயத்துக்குக் கணக்கு முடித்திருந்தான். கரைப்பானின் முனைவுத்தன்மை, அதாவது அதன் மூலக்கூறில் மின்சுமை இரு முனைகளாகப் பிரிந்து நிற்கிற அளவு, கூடக்கூட ஒளி எப்படி மாறும் என்று ஒரு வளைகோடு. அவள் அளந்து சரிபார்க்க வேண்டும். ஆனால் லேசர் பழுதாகி, வெளிநாட்டிலிருந்து ஒரு பாகம் வரவேண்டியிருந்தது. அது வந்து சேர்ந்தபோது அவன் இல்லை.

சுந்தரேசன் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஐரின், அந்தக் கோட்டுல உன் புள்ளிகளை வெச்சு ஒரு பேப்பர் எழுதிடலாம். அவன் நினைவா ஒரு இதழ் வருது. அவன் பேர்தான் முதல்ல போகணும்."

"சரி சார்" என்றாள்.

அக்டோபரில் அளவுகளைத் தொடங்கினாள். இருட்டறையில் அவளும் லேசரும் மட்டும். சின்னக் கண்ணாடிக் கலத்தில் சாயக் கரைசலை ஊற்றி, மூடி, தாங்கியில் வைத்து, திரையை இழுத்துவிட்டு, கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்துகொள்வாள். குளோரோஃபார்மில் சாயம் நல்ல நீலமாக இருந்தது. அளவு சுஹாஸின் கோட்டின்மேலேயே விழுந்தது. அசிட்டோனில் கொஞ்சம் ஊதா. அதுவும் கோட்டின்மேல். அசிட்டோநைட்ரைலும் அப்படியே. ஒவ்வொரு புள்ளி விழும்போதும் பக்கத்து அறையில் அவன் இருப்பதுபோலவும், சுவர் வழியாக 'பாத்தியா?' என்று கேட்பதுபோலவும் அவளுக்கு இருந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் மதியம் வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்தது மெத்தனால். முனைவுத்தன்மையில் மெத்தனாலும் அசிட்டோநைட்ரைலும் கிட்டத்தட்ட ஒன்று. ஆகவே சுஹாஸின் கோட்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து இடங்கள். அவள் கரைசலை வைத்து அளந்தாள். ஒன்றும் வரவில்லை.

முதலில் கலம் சரியாக உட்காரவில்லை என்று நினைத்தாள். எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். ஒளி வடிகட்டிகளைப் பார்த்தாள். கண்ணாடிகளின் கோணத்தைப் பார்த்தாள். லேசரின் திறனை அளந்தாள். எல்லாம் சரி. அசிட்டோநைட்ரைல் கலத்தைத் திரும்ப வைத்தாள், சமிக்ஞை முன்போலவே வந்தது. மெத்தனாலை வைத்தாள், மறைந்தது. புது பாட்டில் மெத்தனால், புதிதாக எடை போட்ட சாயம். அப்போதும் அதேதான். திரையில் பின்னணி இரைச்சல் மட்டும் புல்லைப் போல் நடுங்கிக்கொண்டிருந்தது.

சுந்தரேசனிடம் போனாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார்.

"சாயம் கெட்டுப்போயிருக்கும்மா. மெத்தனால்ல ஏதோ வேதிவினை நடந்திருக்கும்."

"நிறமாலை எடுத்துப் பாத்தேன் சார். கெடல."

"அப்ப லேசர்."

"லேசரும் சரியாத்தான் இருக்கு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இதோ பாரு. மத்த எல்லாம் கோட்டுல இருக்கு இல்லையா? ஒரு மெத்தனால் இல்லாமப் போனா யாரு கேக்கப் போறா? அந்தக் கரைப்பான்ல அளக்கலைன்னு விட்டுடு. அவனோட கடைசி வேலை, ஐரின். அழகா இருக்கட்டும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

அறைக்கு வந்து மெத்தனால் இல்லாமல் வரைபடத்தைப் போட்டாள். அழகாகத்தான் இருந்தது. கோடும் புள்ளிகளும் தைத்து வைத்தமாதிரி. அதைத் திரையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வேறு வேலை பார்த்தாள். சாப்பிடப் போகும்போதும் வரும்போதும் அது கண்ணில் பட்டது. சுஹாஸ் இருந்தபோது இப்படி ஒரு வரைபடத்தை அவனிடம் கொண்டுபோயிருந்தால் முதல் கேள்வியே, 'மெத்தனால் எங்கே?' என்றுதான் இருந்திருக்கும். அவனுக்குக் கோபம் வருவதே அந்த மாதிரி விஷயங்களுக்குத்தான்.

மூன்றாம் நாள் காலையில் மறுபடியும் லேசரைப் போட்டாள். இந்தத் தடவை நல்ல சமிக்ஞை தருகிற அசிட்டோநைட்ரைலிலிருந்து தொடங்கி, சாயத்தின் அளவு மாறாமல், மெத்தனாலைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே போனாள். கலவையின் முனைவுத்தன்மை அநேகமாக மாறவே மாறாது. சுஹாஸின் கணக்குப்படி சமிக்ஞையும் மாறக் கூடாது. ஆனால் முதல் சில துளிகளிலேயே அது சரசரவென்று இறங்கியது. கொஞ்சம் மெத்தனாலுக்கு அவ்வளவு இறக்கம் இருக்கவே முடியாது, சாயத்தைத் தேடிப்போய் அது ஒட்டிக்கொண்டால் ஒழிய. ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெத்தனாலின் ஹைட்ரஜன் சாயத்தின் இழுக்கும் முனையைப் பிடித்துக்கொண்டு, எலக்ட்ரானை இன்னும் அந்தப் பக்கம் இழுக்கிறது. இந்தப் பக்கத் தள்ளலும் அந்தப் பக்க இழுப்பும் சமமாகிற இடத்தில் இரட்டிப்பு ஒளி தன்னைத்தானே ரத்துசெய்துகொண்டு இல்லாமல் போகிறது.

அப்படியானால் இன்னொன்றும் நடக்க வேண்டும். மெத்தனாலைவிடக் கெட்டியாகப் பிடிக்கிற ஒன்றைச் சேர்த்தால், தராசு நடுவைத் தாண்டி அடுத்த பக்கம் சாய வேண்டும். ஒளி திரும்பி வர வேண்டும். சாயம் கெட்டுப்போனதுதான் காரணம் என்றால் என்ன சேர்த்தாலும் வராது.

மெத்தனால் கரைசலில் தண்ணீரைச் சேர்த்தாள். மெத்தனாலில் சிவப்பாக இருந்த சாயம் மெல்ல ஆரஞ்சுக்குத் திரும்பியது. திரையில் இரைச்சலுக்கு நடுவே ஒரு சின்ன மேடு எழும்பியது. இன்னும் கொஞ்சம் தண்ணீர். மேடு வளர்ந்தது. இன்னும் கொஞ்சம் சேர்த்ததும் சந்தேகத்துக்கே இடமில்லாமல் ஓங்கி நின்றது. சாயம் இல்லாத வெறும் கலவையையும் வைத்துப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. வருவது சாயத்தின் ஒளிதான்.

ஐரின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, கதவைத் திறந்து, பக்கத்து அறைக்கு ஓடினாள். "சுஹாஸ், பருப்பு ஒட்டிக்..." என்று வாய்வரை வந்துவிட்டது.

அந்த அறையில் மின்விசிறிகூட ஓடவில்லை. மேசையைத் துடைத்து வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரை நிர்வாகத்தில் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள், ஒயர்கள் மட்டும் சுருட்டிக் கட்டிக் கிடந்தன. வெள்ளைப் பலகை சுத்தமாக இருந்தது. அவள் கதவுப்பிடியில் கை வைத்தபடியே நின்றாள். நடைவழியில் போன லட்சுமம்மா துடைப்பத்தை நிறுத்தி, "ஏன்மா, எதானா வேணுமா?" என்றாள். கூட்டிப் பெருக்க வருகிற பெண். ஒன்றும் வேண்டாம் என்று ஐரின் தலையாட்டினாள்.

ஜெயித்துவிட்டாள். ஆறு வருஷச் சண்டையில் இதைவிடத் தெளிவாக அவள் ஜெயித்ததில்லை. தோற்க வேண்டியவன் இல்லாமல் இந்த ஜெயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை மெஜஸ்டிக்கில் மெட்ரோ ஏறி வைட்ஃபீல்டுக்குப் போனாள். பேப்பரை எழுதும் முன்னால் நிருபமாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அந்த வீட்டுக்கு அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் போயிருந்தாள், சுஹாஸின் குழந்தையில்லாத கல்யாண வாழ்க்கையில் நடந்த ஒரே விசேஷமான கிரகப்பிரவேசத்துக்கு. வாசலில் காவலாளி போன் போட்டுக் கேட்டுவிட்டு உள்ளே விட்டான்.

ஜெயலக்ஷ்மிதான் கதவைத் திறந்தாள். "வாம்மா. ஐரின்தானே? உள்ள வா. காபி கலக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். வீட்டில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. நிருபமா ஆபீஸ் மீட்டிங் ஒன்றை முடித்துக்கொண்டு காதிலிருந்ததைக் கழற்றியபடி வந்து உட்கார்ந்தாள். மெலிந்து போயிருந்தாள்.

ஐரின் சுற்றி வளைக்கத் தெரியாதவள். "பேப்பர்ல ஒரு இடத்துல சுஹாஸோட கணக்கு ஒத்துப்போகலை. அதை எழுதணும். உங்ககிட்ட முன்னாடியே சொல்லிடணும்னு வந்தேன்."

நிருபமா நிமிர்ந்து பார்த்தாள். "அவன் தப்புப் பண்ணிட்டானா?"

"தப்பு இல்ல. அவன் எடுத்துக்கிட்ட முறைக்கு ஒரு எல்லை இருக்கு. மெத்தனால் அதுக்கு வெளியில போயிடுது. மத்த இடத்துலயெல்லாம் அவன் சொன்னது அப்படியே வந்திருக்கு."

"இப்ப அவனால வந்து பதில் சொல்ல முடியாது. அது தெரிஞ்சுதானே எழுதப் போறீங்க?"

ஐரினுக்கு முகம் சுட்டது. "தெரியும். அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமா இருக்கு. அவன் இருந்திருந்தா இந்நேரம் கத்திக் கூப்பாடு போட்டிருப்பான். ஒரு வாரம் என்னோட பேசியிருக்க மாட்டான்."

"யாரு? சுஹாஸா?"

"ஆமா."

நிருபமாவின் முகத்தில் இருந்த கோபம் போய் வேறென்னவோ வந்தது. "அவன் கத்தி நான் கேட்டதே இல்ல ஐரின். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு தடவைகூட. நான் என்ன சொன்னாலும் 'ஆய்து பிடு', சரி விடுன்னு கன்னடத்துல சொல்லிட்டுப் போயிடுவான். சண்டைக்கு இழுத்தாக்கூட வரமாட்டான். சில சமயம் எனக்கு அதுவே எரிச்சலா வரும்."

"லேப்ல அப்படி இல்ல. ஒரு தடவை மார்க்கரைத் தூக்கி எறிஞ்சு ட்யூப்லைட்டை உடைச்சிருக்கான்."

"நிஜமாவா?"

"அப்புறம் அவனே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினான்."

நிருபமா சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. "இன்னும் சொல்லுங்க" என்றாள். ஐரின் சொன்னாள். கருத்தரங்கில் எழுந்து நின்று வெளியூர்ப் பேராசிரியரைத் திணறடித்தது, பந்தயத்தில் தோற்றுவிட்டுக் கேன்டீனில் எல்லாருக்கும் மத்தூர் வடை வாங்கிக் கொடுத்தது, தன் கணக்கில் தானே பிழை கண்டுபிடித்த நாளில் நடைவழி முழுக்கப் பாடிக்கொண்டு போனது. ஜெயலக்ஷ்மி காபித் தம்ளரோடு சமையலறை வாசற்படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாடினானா?" என்றாள் மெதுவாக. "இங்க ஒரு நாள் வாயைத் திறக்கலையே."

நிருபமா தன் கைகளைப் பார்த்தபடி, "எனக்கு இந்த சுஹாஸைத் தெரியவே தெரியாது" என்றாள். பிறகு சட்டென்று நிமிர்ந்து, "உங்களை யாராவது வந்து கேட்டாங்களா? எப்படி இருக்கேன்னு?"

ஐரின் இல்லையென்று தலையை மட்டும் அசைத்தாள். ஜெயலக்ஷ்மி தம்ளரை மேசையில் வைத்துவிட்டு அவள் தோளில் கை வைத்தாள். அந்தக் கை ரொம்ப நேரம் அங்கேயே இருந்தது. காபி ஆடை கட்டிப்போயிற்று.

கிளம்பும்போது நிருபமா லிஃப்ட்வரை வந்தாள். "நீங்க எழுதுங்க. அவன் பேர் மட்டும் முதல்ல இருக்கட்டும்."

"முதல்லதான் இருக்கும்."

"நாங்க அடுத்த மாசம் மைசூருக்குப் போயிடறோம். அங்க அவன் அம்மாவுக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க. இந்த வீட்ல இருக்க முடியல." அவள் இன்னும் ஏதோ சொல்ல நினைத்தாள். லிஃப்ட் வந்துவிட்டது.

திங்கட்கிழமை சுந்தரேசனிடம் முழு வரைபடத்தையும் காட்டினாள். அசிட்டோநைட்ரைலிலிருந்து மெத்தனாலுக்கு இறங்கி, தண்ணீரை நோக்கி மறுபடி ஏறுகிற புள்ளிகள். அவற்றுக்கு மேலே, எதையும் சட்டைசெய்யாமல் போகிற சுஹாஸின் கோடு. அவர் பேனாவால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டு போனார்.

"நான் அவனைக் காப்பாத்தணும்னு நெனச்சேன்" என்றார் கடைசியில்.

"அவனுக்குக் காப்பாத்தல் தேவையில்ல சார்."

"தெரியுது." பேனாவை மூடினார். "அனுப்பு."

அந்த இதழில் பேப்பர் வெளிவந்தது. இரண்டு மூன்று வெளிநாட்டுக் குழுக்கள் எழுதிக் கேட்டன. சுந்தரேசன் கருத்தரங்கு அறையில் ஐரினைப் பேச வைத்தார். பேசினாள். முடிந்ததும் கேள்வி உண்டா என்று கேட்டார்கள். முன்வரிசையில் ஒருவர் சாயத்தை எங்கே வாங்கினார்கள் என்று கேட்டார். பிறகு எல்லோரும் கை தட்டிவிட்டுத் தேநீருக்குப் போனார்கள்.

மறு வருஷம் பக்கத்து அறைக்குக் கவியரசன் என்ற இளைஞன் வந்து சேர்ந்தான். சேலத்துக்காரன், கணக்கில் கெட்டிக்காரன், மரியாதை தெரிந்தவன். ஐரின் அவனிடம் சாயத்தைச் சுற்றி நிஜமான மெத்தனால் மூலக்கூறுகளையே வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். அவன் பல வாரம் கம்ப்யூட்டரை ஓட்டிவிட்டு ஒரு நாள் மாலை கதவருகே வந்து நின்றான்.

"மேடம், நீங்க சொன்ன மாதிரியே மெத்தனால்ல ஜீரோகிட்ட வருது. தண்ணியில பிளஸ் மைனஸ் குறியே மாறிடுது."

"எத்தனை மூலக்கூறு வெச்சீங்க?"

"இழுக்கற முனையில ரெண்டு. மத்தது சீரான ஊடகம்தான்."

"ரெண்டு போதும்னு எப்படிச் சொல்றீங்க? மூணா இருந்தா?"

"நீங்க சொன்னா மூணு வெச்சுப் பாத்துடறேன் மேடம்."

"நான் சொன்னா இல்ல கவியரசன். உங்களுக்கு என்ன தோணுது? ரெண்டுதான் சரின்னு தோணினா என்னோட சண்டை போடுங்க."

அவன் சங்கடமாகச் சிரித்தான். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம். அனுபவம் இருக்கு உங்களுக்கு." நிறுவனத்தின் பஸ் கிளம்பும் நேரம் என்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நாளைக்கு மூன்று வைத்துப் பார்ப்பதாகச் சொல்லிப் போனான்.

ஐரின் லேசரை அணைத்தாள். அது குளிர்ந்து அடங்கும்வரை இருட்டில் உட்கார்ந்திருந்தாள். பிறகு கலங்களை ஒவ்வொன்றாக அசிட்டோனில் அலசி, காய்வதற்காகத் துணியின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் பஸ் புறப்பட்டுப் போயிருந்தது. மெயின் ரோடுவரை நடந்தாள்.